தவளைகள் பார்த்த பக்கம்

போகோர் ஊரில் மரத்தவளை வாங்கப் போகிறவர்கள் இமாஸைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகும்போது விவரம் தெரிந்த சித்தியை அழைத்துப் போவதில்லையா, அதுபோல.

இமாஸுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நூல் கடையில் வேலை பார்த்தாள். பெண்கள் துணித் துண்டோடு வருவார்கள், அதே நிறத்தில் நூல்கண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். பச்சை என்று கேட்டால் முப்பது பச்சை இருக்கும். எது எதோடு சேரும், எது வெயிலில் போனால் வேறாகத் தெரியும் என்பதெல்லாம் அங்கேயே கண்ணில் ஏறிவிட்டது. கணவன் தத்தாங் முதலில் பாட்டுக் குருவிகள் வளர்த்தான். அதில் கை சுட்டுக்கொண்ட பிறகு பப்புவாவிலிருந்து வரும் குண்டு மரத்தவளைகளுக்கு மாறினான். டம்பி என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தவளைகள் உள்ளங்கையில் வைத்தால் பிசைந்த மாவு உருண்டைபோல அப்படியே உட்கார்ந்திருக்கும். பகல் முழுக்கத் தூக்கம், வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. அதைப் பார்த்தே ஆட்கள் மயங்கிவிடுவார்கள்.

தத்தாங்குக்கு வளர்க்கத் தெரியும், நிறம் தெரியாது. நிறம் இமாஸின் பாடு.

இந்தத் தவளைகளிடம் ஏமாறுவது சுலபம். விற்கிறவன் கையில் இருக்கும்போது தெரிகிற நிறம் அதன் நிறமே இல்லை. குளிரில் வைத்த சாதாரணப் பச்சைத் தவளை மங்கி நீலம்போல இருக்கும். மேலே ஒரு நீல விளக்கையும் எரியவிட்டால் அசல் நீலம் என்றே நம்பிவிடலாம். பயந்துபோன தவளை பழுப்பாகிவிடும், அதைத் தேன் நிறம் என்று சொல்லித் தலையில் கட்டுவார்கள். பனி என்று ஒரு ரகம் உண்டு, முதுகில் வெள்ளைப் புள்ளிகள் தூவியிருக்கும். கம்பி வலையில் உரசிப் புண்ணாகி ஆறிய தழும்பையும் பனி என்றே விற்பார்கள்.

இமாஸ் வாதாடமாட்டாள். விளக்கை அணைக்கச் சொல்வாள். ஈரமான வெள்ளைத் துணி விரித்த டப்பாவில் தவளையை விட்டு, சன்னல் ஓரம் வைத்துவிட்டு, ஒரு காப்பி குடிப்பாள். பயம் தெளிந்து, உடம்பு கதகதப்பாகி, தவளை கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்த பிறகுதான் பார்ப்பாள். அப்போதும் நீலமாக இருந்தால் நீலம். புள்ளிமேல் ஈர விரலை ஓட்டும்போது ஒன்றும் தட்டுப்படாவிட்டால் பனி. தட்டுப்பட்டால் தழும்பு. வாங்க வந்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள், அல்லது ஆட்டமாட்டாள். அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் ஹெந்தார் என்பவர் வந்தார். போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், தவளைப் பைத்தியம். சாலக் மலைச் சரிவில் உந்தாங் என்று ஒருவர் அபூர்வமான டம்பிகள் வைத்திருந்தாராம். தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இறந்து நாற்பதாம் நாள் ஓதலும் முடிந்துவிட்டது. மனைவி எல்லாவற்றையும் கொடுத்துவிடப் போகிறாள். வந்து நிறம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். இமாஸும் சரி என்று கிளம்பினாள்.

மேலே போகப் போக மழை கனத்தது. வீடு சின்னதுதான், ஆனால் நல்ல சுத்தம். உந்தாங்கின் மனைவி யெயெத் வாசலுக்கு வந்து அழைத்தாள். அறுபதை நெருங்கும் மெலிந்த பெண்மணி. முன் அறைச் சுவர் நீளத்துக்கும் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தவளை.

எல்லாம் பழுப்பு. நனைந்த காப்பித்தூள் நிறம்.

ஹெந்தாரின் முகம் விழுந்துவிட்டது. இமாஸுக்கு வேறொன்று உறுத்தியது. பட்டப்பகலில் ஒரு தவளைகூடத் தூங்கவில்லை. தொட்டிகள் கதகதப்பாக இருந்தன, தண்ணீர் சுத்தமாக இருந்தது, நோய் எதுவும் இல்லை. ஆனாலும் அத்தனையும் கண்ணைத் திறந்து, உடம்பை ஒரே பக்கமாகத் திருப்பி உட்கார்ந்திருந்தன. பாம்பு இருந்தால்தான் இப்படி இருக்கும். பெஞ்சுக்கு அடியில், ஓட்டு இடுக்கில் எல்லாம் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

தவளைகளைப் பின் தாழ்வாரத்துக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். யெயெத் சம்மதித்துவிட்டு நடுப்பகல் தொழுகைக்கு உள்ளே போனாள். டப்பாக்களில் வெள்ளைத் துணி விரித்து இமாஸ் காத்திருந்தாள். மழைச் சத்தத்தில் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. பழுப்பு கரைந்தது. ஒன்று பச்சை, இன்னொன்று பச்சை. ஓரத்து டப்பாவில் ஒன்று வானம்போல நீலமாகி அப்படியே நின்றது. இரண்டின் முதுகில் வெள்ளைப் புள்ளிகள், விரலுக்குத் தட்டாத அசல் பனி. அவள் ஒவ்வொன்றின் பெயரையும் முணுமுணுத்துக்கொண்டே போக, ஹெந்தார் கையைப் பிசைந்தபடி பின்னாலேயே நடந்தார்.

அப்போது யெயெத் இஞ்சிப் பானமும் அவித்த சேப்பங்கிழங்கும் எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டி வந்தாள்.

டப்பாக்களில் கண்கள் திறந்தன. நீலம் கறுத்தது. பச்சை கறுத்தது. தவளை நிறம் மாற நேரம் ஆகும், ஒரு டம்ளர் டீ ஆறும் நேரமாவது வேண்டும். இதுவோ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நனைந்த மண் சுவர்போல மேலிருந்து கீழே இறங்கிற்று. ஒவ்வொரு தவளையும் காலை மாற்றி மாற்றி வைத்து யெயெத் பக்கம் திரும்பியது.

ஹெந்தார் தட்டை வாங்கப் போய்விட்டார், கவனிக்கவில்லை. இமாஸ் மட்டும் பார்த்தாள். இந்த அம்மாள் தவளைகளை அடித்திருப்பாளோ, மருந்து எதுவும் தெளித்திருப்பாளோ என்று எண்ணம் ஓடியது. யெயெத் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். ஹெந்தார் காதில் விழாதபடி கிட்ட வந்து, மகளை அழைப்பதுபோல நேங் என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

"என்னைப் பாக்கலை, நேங். நல்லாப் பாரு. எனக்குப் பக்கத்துல பாக்குதுங்க."

இமாஸ் குனிந்து ஒரு தவளையின் மூக்கு நுனியிலிருந்து கோடு இழுத்ததுபோலப் பார்த்தாள். அது யெயெத்தின் இடது தோளுக்கு வெளியே, அவள் தலைக்கும் ஒரு சாண் மேலே போயிற்று. அடுத்த தவளையும் அங்கேதான். அதற்கடுத்ததும். அங்கே சுவரும் மழையும்தான் இருந்தன.

"அவரு நல்ல உசரம்," என்றாள் யெயெத். அதைச் சொன்ன விதத்தில் பயம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதற்குமேல் அங்கே நிற்க இமாஸுக்கு மனமில்லை. யெயெத் பார்த்துக்கொண்டிருக்க, அவசர அவசரமாக ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அடிவயிற்றைத் திருப்பிக் காட்டி, எது நீலம், எது பனி என்று ஹெந்தாரிடம் சொல்லிவிட்டாள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார், ஒன்றைத் தவிர. வெறும் பச்சைத் தவளை ஒன்றை யெயெத் கொடுக்க மறுத்துவிட்டாள். சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்காத ரகம் அது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஹெந்தார் கேட்டார். அவள் அந்த டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இமாஸ் செருப்பு மாட்டும்போதுதான் யெயெத் அவளிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இதுவும் போயிட்டா, அவரு இருக்காரா இல்லையான்னு எனக்கு எப்படி நேங் தெரியும்?"

இமாஸ் வீட்டுக்கு வந்து நேரே கொல்லைக் கொட்டகைக்குப் போனாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. காலையில் பச்சைப் பசேலென்று தூங்கவிட்டுப் போன தவளைகள் விழித்திருந்தன. பழுப்பு. மூக்குகள் எல்லாம் அவள் பக்கம்.

அவள் பக்கம் என்று சொல்வது சரியில்லை. அவளுடைய வலது தோளுக்கு வெளியே, தலைக்கு ஒரு சாண் மேலே.

அவள் ஒரு எட்டு வலப்பக்கம் நகர்ந்தாள். மூக்குகளும் நகர்ந்தன. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, மழையில் நனைந்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தபோது, கதவுக்கு வெளியே அவள் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து அந்தப் பக்கமாகத் திரும்பியிருந்தன.

தத்தாங்கிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. செத்துப்போன தன் மனிதர்களில் யாராக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். அம்மா என்றால் இவள் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். அப்பாவும் குள்ளம்தான். இது யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

அவளும் தத்தாங்கும் கடை போடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எல்லோருக்கும் வெட்டவெளிச்சமாகிவிட்டது. அவள் கடை மட்டும் இல்லை, அந்த வரிசையில் இருந்த தவளைக் கடைகள் எல்லாமே கறுத்தன. பக்கத்துக் கடை கோகோம் நாக்கு நீளமானவள், ஆனால் மனசு கெட்டவள் இல்லை.

"தெதே, நீங்க அந்தப் பக்கமா போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன். என் பனி, நீலம் எல்லாம் காப்பிக்கொட்டை ஆயிடுச்சு. உங்களைக் கண்டா கடன்காரனைக் கண்ட மாதிரில்ல முழிக்குதுங்க."

அக்கா அக்கா என்று கூப்பிடுகிறவளே இப்படிச் சொன்னது இமாஸுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்து போனாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் முளைப்பயறு நூடுல்ஸ் விற்கிறவன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் பச்சை திரும்பியது. தத்தாங் தனியாக வியாபாரம் பார்த்து, சாதாரணப் பச்சை ஒன்றை நீலம் என்றும், நீலத்தைச் சாதாரணம் என்றும் விற்றுவிட்டு வந்தான். நிறம் பார்க்கக் கூப்பிட வந்தவர்களை அவள் ஏதேதோ சாக்குச் சொல்லி அனுப்பினாள். அவள் குனிந்தால் கறுத்துப்போகிற தவளையில் என்ன நிறத்தைப் பார்ப்பது?

அன்றைக்குத்தான் தத்தாங்கிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். கொட்டகைக்குள் கூட்டிப் போய்க் காட்டியதும் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஆம்பளையா?"

"உசரத்தைப் பாத்தா அப்படித்தான் தோணுது, அகாங்," என்றாள். அகாங் என்றுதான் கணவனைக் கூப்பிடுவாள்.

"ராத்திரி எந்தப் பக்கம் நிக்கிறான்?"

"எனக்கென்ன தெரியும்? படுக்கையறையில தவளையா இருக்கு?"

அன்றிலிருந்து தத்தாங் அவளுக்கு வலப்பக்கம் படுக்க ஆரம்பித்தான். யாரும் நுழைய இடமில்லாதபடி நடுவில் ஒரு திண்டையும் வைத்தான். மசூதியில் ஓதுகிறவரைப் போய்ப் பார்த்தார்கள். செத்தவர்கள் சுற்றித் திரிவதில்லை, வேறு ஏதோ அந்த மனிதரின் உயரத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது என்று அவர் சொன்னார். தண்ணீர் ஓதிக் கொடுத்தார். இமாஸ் குடித்தாள். தவளைகள் அசையவில்லை.

அவளைப் பயமுறுத்தியது அது கூடவே வருவதல்ல. அது தொந்தரவே செய்யாததுதான். சாமான் விழவில்லை, கனவு வரவில்லை. சமைக்கும்போது இருப்பதே தெரியாது. ஆனால் கொட்டகையில் ஒரு தவளையைக் கையில் எடுத்து அதன் தொடை உட்புறத்தையும் அடிவயிற்றையும் வெளிச்சத்தில் திருப்பும்போது மட்டும், வலது காது சில்லென்று ஆகும். யாரோ நன்றாகப் பார்ப்பதற்காகக் குனிவதுபோல. பழக்கத்தில் அவள் "இது வெறும் பச்சைதான், தொடையிலயே தெரியுது" என்று முணுமுணுப்பாள். சொன்ன பிறகுதான், தனக்குச் சொல்லிக்கொள்கிறவள் இவ்வளவு விளக்கமாகச் சொல்லமாட்டாளே என்று உறைக்கும். கையிலிருக்கும் தவளையைக் கீழே விட்டுவிட்டு வெளியே ஓடிவருவாள்.

ஒரு சனிக்கிழமை முற்பகலில் யெயெத் வந்தாள். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, ஓட்டை போட்ட பிஸ்கட் டின் ஒன்றைத் தரையில் வைத்தாள். வழி கேட்டுக் கேட்டு, இரண்டு வேன் மாறி வந்திருக்கிறாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. டின்னைத் திறந்து காட்டினாள். உள்ளே அந்தப் பச்சைத் தவளை கண்ணை மூடிக் கிடந்தது. இளம் வாழைக்குருத்துப் பச்சை.

"நீ வந்துட்டுப் போன நாள்லேருந்து இப்படித்தான் தூங்குது. நான் பக்கத்துல போனாலும் தூங்குது. மேல தண்ணி தெளிச்சாலும் தூங்குது."

இமாஸ் இரண்டு எட்டு முன்னால் வந்தாள். டின்னுக்குள் கண் திறந்தது. பச்சை கறுத்தது. தவளை திரும்பி, இமாஸின் வலது தோளுக்கு மேலே பார்த்தது.

யெயெத்தின் முகத்தில் வந்தது பயம் இல்லை. கணவனை இன்னொருத்தி வீட்டு வாசலில் பார்த்துவிட்டவளின் முகம் அது.

"நினைச்சேன்," என்றாள். "இங்கதான் வந்து உக்காந்திருக்காரா?"

"இபு, அம்மா, நான் கூப்பிடலை. சத்தியமாக் கூப்பிடலை."

"நீ ஏன் கூப்பிடணும்? ஒவ்வொண்ணாக் கையில எடுத்து, இது நீலம், இது பனின்னு சொல்லிட்டே போனியே. கல்யாணமான நாள்லேருந்து என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாரு மனுஷன். வந்து பாரு, இது எப்படி இருக்குன்னு பாருன்னு. சோறு அடிப்பிடிக்குதும்பேன். துணி காயுதும்பேன். ஒரு நாள்கூட நான் குனிஞ்சு பாத்ததில்லை." தத்தாங் கதவோரம் நிற்பதைக் கண்டு குரலைத் தாழ்த்தினாள். பிறகு இமாஸின் வலப்பக்கத்துக் காற்றைப் பார்த்துப் பேசினாள். "நிறம் தெரிஞ்சவ ஒருத்தி வந்ததும் கைலியைத் தூக்கிக் கட்டிட்டுப் பின்னாலயே கிளம்பிட்டீங்களோ? செத்தும் புத்தி வரலையே."

யாரும் சிரிக்கவில்லை. இமாஸுக்கு வலது கை முழுக்கக் குளிர்ந்தது. யாரோ அவளுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பதுபோல இருந்தது.

தவளைகளைக் காட்டு என்றாள் யெயெத். மூவரும் கொட்டகைக்குப் போனார்கள். எல்லாம் பழுப்பாக விழித்திருந்தன. நான் ஒன்று வாங்கப் போகிறேன், நானே பார்த்து எடுக்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று அவள் இமாஸிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தொட்டி முன்னாலும் மண்டி போட்டாள். மூட்டு வலிக்க எழுந்தாள். மறுபடி மண்டி போட்டாள். இமாஸ் செய்ததைப் பார்த்தவளாதலால் ஒன்றை எடுத்து அடிவயிற்றைத் திருப்பினாள், தவளை கையில் சிறுநீர் கழித்தது, முகத்தைச் சுளித்தாலும் விடவில்லை. இமாஸும் தத்தாங்கும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள்.

கடைசித் தொட்டியில் ஒரு தவளை இருந்தது. குஞ்சாக இருந்தபோது கம்பி வலையில் உரசி முதுகெல்லாம் புண்ணானது. ஆறி, வெள்ளை வெள்ளையாகத் தழும்பு நின்றுவிட்டது. விற்பனைக்கே வைக்காதது. உடம்பு கறுத்திருந்ததால் தழும்புகள் பளிச்சென்று தெரிந்தன.

யெயெத் அதை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"இதுதான். இது பனி. எவ்வளவு அழகான பனி."

இமாஸின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. வாங்கப் போகிறவர் தப்பாக எடுக்கும்போது அவள் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. விரலை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படும் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த நொடியில் வலது காதிலிருந்து குளிர் விலகியது. சன்னலைச் சாத்தியதுபோலச் சட்டென்று விலகியது.

யெயெத்தின் கையிலிருந்த தவளை காலை மாற்றி வைத்தது. மெல்ல, மெல்ல, உடம்பைத் திருப்பியது. தொட்டிகளில் மற்றவையும் திரும்பின. ஈரப்பாதங்கள் கண்ணாடியிலிருந்து ஒட்டி விலகும் சத்தம் வரிசையாகக் கேட்டது. மூக்குகள் இமாஸைக் கடந்து, நடுவில் நின்ற தத்தாங்கைக் கடந்து போயின. தத்தாங் கண்ணை இறுக மூடிக்கொண்டான். யெயெத்தின் இடது தோளுக்கு வெளியே, ஒரு சாண் மேலே வந்து நின்றன.

யெயெத்தும் பார்த்தாள். தன் இடப்பக்கத்துக் காற்றைப் பார்த்துக் குரல் இறங்காமல் கேட்டாள்.

"பனிதான்னு சொல்றேன். என்னத்தைப் பாக்குறீங்க?"

இமாஸ் வாயை மூடிக்கொண்டாள். தப்பான தவளையைச் சரியென்று ஒருத்தி பிடிவாதம் பிடிக்கும்போது அந்த மனிதரால் விட்டுவிட்டுப் போக முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளாலும்தானே முடியாது.

தழும்புத் தவளைக்குக் காசு வாங்கமாட்டேன் என்று தத்தாங் சொன்னதற்கு, இனாமாக வந்தால் பனி என்று எப்படி நம்புவது என்று யெயெத் பணத்தை அவன் கையில் திணித்துவிட்டாள். இரண்டு தவளைகளையும் டின்னில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் வேன் வந்து நின்றபோது, ஏறுவதற்கு முன் ஒதுங்கிக் கொஞ்சம் இடம் விட்டு நின்றதை இமாஸ் வாசலிலிருந்து பார்த்தாள். பிறகு அவளும் ஏறினாள். வேன் போனதும் இமாஸ் கொட்டகைக்குள் போனாள். பச்சை வந்துகொண்டிருந்தது. ஒரு தவளை கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து மூடித் தூங்கப் போனது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஏன் என்று தத்தாங் கேட்டதற்குத் தெரியவில்லை என்றாள், அது உண்மைதான்.

அடுத்த வாரமே பழையபடி நிறம் பார்க்கப் போக ஆரம்பித்துவிட்டாள். கோகோம் கடைக்கு அருகில் அவள் தைரியமாக நிற்க முடிந்தது. தத்தாங் திண்டை எடுத்துவிட்டான், ஆனால் வலப்பக்கம் படுப்பதை விடவில்லை.

வறண்ட காலம் தொடங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை யெயெத் சந்தைக்கு வந்தாள், தவளைகளுக்கு வெட்டுக்கிளி வாங்க. முகம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. நலம் விசாரித்தார்கள். தவளைகள் எப்படி இருக்கின்றன என்று இமாஸ் கேட்டாள். சாயங்காலம் ஆனால் போதும், இரண்டும் கறுத்துப்போய் உட்கார்ந்துவிடுகின்றன என்றாள் அவள். தினமும் தழும்புத் தவளையைக் கையில் எடுத்து, பனி பனி என்று நான்கு தடவை சத்தமாகச் சொல்கிறாளாம். வெட்டுக்கிளிப் பையை முடிச்சுப் போட்டுக்கொண்டே குனிந்து இமாஸின் காதருகே வந்தாள்.

"தழும்புன்னு எனக்குத் தெரியும், நேங். அன்னைக்குக் கையில எடுத்தப்பவே விரல்ல தட்டுச்சு."

கோகோமின் கடையில் தவளைகள் யெயெத்தின் இடப்பக்கமாகத் திரும்பிக் கறுக்க ஆரம்பித்திருந்தன. யெயெத் அதைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுகிறது என்று சொல்லி வேகமாக நடந்து போய்விட்டாள்.

ஹெந்தார் அதற்குப் பிறகும் இரண்டு தடவை கூப்பிட்டார். ஒன்றுக்கு இமாஸ் போனாள். இன்னொன்று, சுகாபூமியில் ஒருவர் இறந்து அவருடைய தவளைகள் விலைக்கு வருகின்றனவாம், அத்தனையும் அசல் நீலமாம். தவளைகளைத் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், அங்கே பார்க்கிறேன் என்றாள் இமாஸ். தெருவில் தூசியும் சத்தமுமாக இருக்குமே, நிறம் எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இமாஸ் தொட்டி கழுவப் போனாள்.